இருட்டுக் குழுச் செயலாளர்

ஒளியை ஆராய்வதற்கு முதலில் வேண்டியது இருட்டு என்பது எங்கள் பணிப்பாளர் கலாநிதி சீவரத்தினத்தின் கொள்கை. இருட்டு விஷயத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோய் இரண்டாவது வருடம் அது. ஊர் முழுக்க ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு எரித்துக்கொண்டிருந்தது. நல்லூருக்குப் பின்பக்கம் ஒரு பழைய நாற்சார் வீட்டில் ‘உயிரியல் ஒளியியல் உயராய்வு நிலையம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நாங்கள் இருந்தோம்.

நாங்கள் என்றால் பணிப்பாளர், பியோன் ஏரம்பு, பிறகு நான். என் பெயர் முத்துக்குமாரு. ஆய்வு உதவியாளர், தற்காலிகம். உயிருள்ள கலங்கள், அதாவது உயிரணுக்கள், ஒளிர்வதைப் பற்றித்தான் என் ஆய்வு. அதுவரை ஒரு கலமும் என் கண் முன்னால் ஒளிர்ந்ததில்லை. ஆனாலும் ஆய்வேட்டின் முடிவுரையை எழுதி முடித்துவிட்டேன். நன்றியுரையும் ஆயத்தம். நடுவில் ஆராய்ச்சி மட்டும்தான் பாக்கி.

நிலையத்தின் ஒரே சொத்து ஓர் ஒளிர்வு நுணுக்குக்காட்டி. ஏதோ ஒரு வெளிநாட்டு நண்பர் சங்கம் அன்பளிப்பாக அனுப்பியது. சாயம் ஏற்றிய கலங்கள் மீது நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால், அவை கறுப்புப் பின்னணியில் பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிரும். ஒரு துளி இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தால் எந்த மடையனும் கண்டுபிடித்துவிடலாம் என்ற கருத்துப்பட, கூட வந்த கைந்நூலில் எழுதியிருந்தது. அந்த மடையன் நானாக இருக்கவேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை.

ஆனால் அது கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பூட்டின் திறப்பு பணிப்பாளரின் இடுப்பில். சரஸ்வதி பூசைக்கு மட்டும் வெளியே எடுத்துப் பட்டு விரித்து வைப்பார்கள். சந்தனப் பொட்டை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்த ஏரம்பு, நெற்றி மாதிரித் தெரிந்த ஒரு இடத்தில் வைத்து, அதற்கு நடுவில் குங்குமமும் அப்பிவிட்டார். அது வில்லைக் கண்ணாடி. அதைத் துடைத்ததுதான் அந்த நிலையத்தில் நான் செய்த முதலாவது ஒளியியல் பணி.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் செபஸ்தியம்மா என்னைப் பிடித்தார். குருநகரிலிருந்து பனையோலைக் கடகத்தில் மீன் கொண்டுவந்து எங்கள் ஒழுங்கையில் விற்கிறவர். ஒரு காலை என் வெள்ளை அங்கியை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நீர் ரத்தம் பாக்கிற ஆளோ?”

வெள்ளை அங்கி போட்டிருக்கும்போது இப்படிக் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? “ஓம் அக்கா” என்றேன்.

“என்ரை மனுசனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கிக் காயுது. எங்கடை மார்கிரட் டொக்டரம்மாட்டைக் குளிசை எப்பன்தான் கிடக்காம். எல்லாக் காய்ச்சலுக்கும் குடுத்தால் மலேரியாக்காரனுக்கு மிஞ்சாதெண்டு சொல்லுறா. ரத்தத்தைப் பாத்து மலேரியாதானெண்டால் உடனை தருவாவாம். அவவுக்குக் கண்ணிலை வெண்புரை, குழாய்க்குள்ளாலை பாக்க ஏலாது. பெரியாசுப்பத்திரியிலை சனம் நிரம்பி வழியுது. எழும்பி நிக்க ஏலாத மனுசனை நான் எப்பிடித் தம்பி அங்கை கொண்டுபோறது?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். அவருடைய கணவர் செபநாயகம் பாயில் சுருண்டு கிடந்தார். வலை இழுத்துக் காய்த்த கை. விரலில் ஊசி இறங்க மறுத்தது, மனிதர் முனகக்கூட இல்லை. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துக் காயவைத்துக்கொண்டு, பெரிய விஞ்ஞானி போல நெஞ்சை நிமிர்த்தியபடி திரும்பினேன். செபஸ்தியம்மா கடற்கரை வீதி வரைக்கும் கூட ஓடிவந்து, “கெதியாப் பாத்துச் சொல்லும் தம்பி” என்றார்.

நிலையத்து வாசலில் பணிப்பாளர் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“உதைப் பாத்திட்டீரோ?”

“இல்லை சேர், இனித்தான்…”

“தொடாதையும்! ஐசே, எங்கடை நிலையத்துக்கு வந்த முதல் நோயாளி. தொடக்க விழாவுக்கு நான் எத்தினை நாளாய் ஒரு சாட்டுத் தேடுறன் தெரியுமோ? முதற் பார்வை பிரதம விருந்தினருக்கு. அதுக்கு முதல் ஒரு ஈ, இலையான்கூட உதுக்குள்ளை எட்டிப் பாக்கப்படாது.”

“சேர், அந்த மனுசனுக்குக் கடும் காய்ச்சல்…”

“அதுதானே சொல்லுறன். காய்ச்சல் மாறினவன்ரை ரத்தத்தை வைச்சு என்ன விழா செய்யிறது?”

தகட்டை வாங்கி, பட்டுத்துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு ஒரு சின்ன யோசனை இருந்தது. கொஞ்சம் பயந்து பயந்துதான் சொன்னேன். “சேர், கைந்நூலிலை ஒரு இடத்திலை கிடக்கு, மின்சாரம் இல்லாத இடத்திலை வெயிலே போதுமாம். கீழே இருக்கிற கண்ணாடியைச் சூரியனுக்கு நேரை திருப்பி, நீல வடிக் கண்ணாடியைப் போட்டால்…”

பணிப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. “வெயிலை நம்பி வேலை செய்ய நாங்கள் என்ன பனம்பழத்தைப் பிழிஞ்சு பனாட்டே காயப்போடுறம்? இது உயராய்வு நிலையம் ஐசே!”

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு அன்று பின்னேரமே பலன் கிடைத்தது. ஒளிக் குழு, இருட்டுக் குழு, விருந்தோம்பல் குழு என்று குழுக்கள் அமைத்தபோது என்னை இருட்டுக் குழுவின் செயலாளராக்கினார்கள். பணிப்பாளர் தலைவர், ஏரம்பு உறுப்பினர். மற்றக் குழுக்களிலும் நாங்கள் மூவரும்தான், பதவிகள் மட்டும் இடம் மாறும். சும்மா சொல்லக்கூடாது, வாழ்க்கையில் முதன்முதல் செயலாளர் ஆனதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பழைய குடைச் சீலைகளைச் சேர்த்துத் தைத்து யன்னல்களுக்கு ஆணி அடித்தேன். கதவு இடுக்குகளைத் தார் பூசி அடைத்தேன். பிறகு குழு இருட்டின் தரத்தைப் பரிசோதித்தது. மூவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

“ஏரம்பு, நான் எங்கை நிக்கிறன்?” என்று பணிப்பாளர் கேட்டார்.

“தெரியேல்லை ஐயா.”

“நல்லது. முத்துக்குமாரு, உமக்கு ஏதும் தெரியுதோ?”

“ஒண்டும் தெரியேல்லை சேர்.”

“திருப்தி. கூட்டக் குறிப்பிலை எழுதும்.”

எழுத முடியவில்லை, இருட்டு. கதவைத் திறந்தால் பரிசோதனை செல்லாது என்று பணிப்பாளர் சொன்னார். கடைசியில் குறிப்பை மனத்தில் பதிந்துகொள்வதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

ஒவ்வொரு காலையும் செபஸ்தியம்மா வாசற் படலையில் வந்து நிற்பார். “பாத்திட்டியளோ தம்பி?” “விழா முடியட்டும் அக்கா.” “உங்கடை விழாவுக்கும் என்ரை மனுசன்ரை ரத்தத்துக்கும் என்ன தம்பி?” இதற்கு விடை சொல்லக் குழுவில் அதிகாரம் இல்லாததால் நான் உள்ளே போய்விடுவேன். போய் அலுமாரிக் கண்ணாடியூடாக அந்தப் பட்டுத்துணியைப் பார்ப்பேன். பூட்டை ஒருதரம் இழுத்தும் பார்ப்பேன். நல்ல பூட்டு.

முதலில் குறித்த நேரம் ராகுகாலத்தில் விழுந்துவிட்டது. மாற்றிக் குறித்த நாளில் பிரதம விருந்தினருக்கு வேறெங்கோ ஒரு கிணறு திறக்க இருந்தது. அடுத்த தடவை எல்லாம் சரிவர, குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. கோட்டு, சால்வை, நிறைகுடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பங்கர் குழிக்குள் விழுந்தோம். குண்டு கொக்குவில் பக்கம் விழுந்து நிலம் ஆடியது. எனக்கு ஒன்றுக்குப் போகும் போல இருந்தது. அந்த நிலையிலும் பங்கருக்குள் இருட்டு எங்கள் அறையை விடத் தரமாக இருப்பதைச் செயலாளர் என்ற முறையில் கவனித்துப் பொறாமைப்பட்டேன்.

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் விழா நடந்தது.

மின்சாரத்துக்குப் பணிப்பாளரின் பழைய ஒஸ்ரின் காரைத் தள்ளிக்கொண்டுவந்து கதவடியில் நிறுத்தினோம். நாலு சொட்டுப் பெற்றோலை ஊட்டி உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, பற்றறியிலிருந்து உள்ளே வயர் இழுத்தோம். வெளிச்சம் வருவதற்கு முன்னம் புகை வந்தது. யன்னல்களைத்தான் நான் காற்றுப் புகாமல் அடைத்திருந்தேனே! உள்ளே வந்த புகை வெளியே போகவில்லை. சபையோர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அமர்ந்தார்கள். செபஸ்தியம்மாவுக்கு ‘நோயாளி சார்பில் வருகை தந்தவர்’ என்று கடைசிக் கதிரை. மீன் கடகம் படலைக்கு வெளியே.

பிரதம விருந்தினர் இளைப்பாறிய நிலஅளவை அத்தியட்சர் தம்பிஐயா. வடமாகாணத்தில் அவர் திறந்து வைக்காத வாசிகசாலை இல்லை. அவர் நுழைந்ததும் மங்கல விளக்கேற்றல். வெளியே வைத்தால் காற்று சுடரை நூர்த்து அணைத்துவிடும், அபசகுனம் என்று விருந்தோம்பல் குழு குத்துவிளக்கை இருட்டறைக்குள்ளேயே, அதுவும் நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. ஐந்து முகத்தையும் பதவி வரிசைப்படி ஏற்றினார்கள். நான் ஆணி ஆணியாக அடித்து உண்டாக்கிய இருட்டு கண் முன்னாலேயே பறிபோயிற்று.

பணிப்பாளரின் காதில் போய்க் குசுகுசுத்தேன். “சேர், விளக்கு எரிஞ்சால் இருட்டு இல்லை. நூர்ப்பமோ?”

“மங்கல விளக்கை நூர்க்கிறதோ! உமக்கென்ன விசரோ?”

“அப்ப வெளியிலை கொண்டுபோவம்.”

“காத்து நூர்த்துப்போடும்.”

“கடகத்தாலை மூடுவமோ?”

“மீன் கடகத்தாலையோ? வெள்ளிக்கிழமையிலையோ?”

எண்ணெய் தானாக வற்றி விளக்குத் தானாக அடங்கும்வரை உரைகளால் நேரத்தை நிரப்புவது என்று முடிவாயிற்று. நல்ல முடிவுதான். ஆனால் விளக்கு நூராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஏரம்புவுடையது. அதை அவருக்குப் பணிப்பாளரே எழுத்தில் கொடுத்திருந்தார். சுடர் கொஞ்சம் சுருங்கியதோ இல்லையோ, ஏரம்பு போத்தலோடு எழும்பி எண்ணெய் வார்ப்பார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் இன்னும் ஊற்றச் சொல்கிறேன் என்று நினைத்து விளிம்புவரை நிரப்பினார்.

பணிப்பாளர் பேசினார். “சபையோரே! பிற நிலையங்கள் அவசரப்பட்டுப் பார்க்கின்றன. பார்த்தவர்கள் பிழை விடுகிறார்கள். பிறகு திருத்துகிறார்கள். எமது நிலையம் ஆரம்பித்த நாள் முதல் இன்றுவரை ஒன்றையும் பார்க்கவில்லை. ஆகவே இன்றுவரை ஒரு பிழையும் விடவில்லை என்பதைப் பெருமையுடன் கூறிக்கொள்கிறேன்!” பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். அந்த உரையை எழுதிக்கொடுத்ததே நான்தான்.

தம்பிஐயா பேசினார். “நான் எத்தனையோ கட்டடங்களைத் திறந்து வைத்திருக்கிறேன். அவற்றுக்குள் பிறகு என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பிறர் விஷயத்தில் தலையிடுவது என் சுபாவமன்று.” இருமல் வந்ததால் அதோடு இருந்துவிட்டார். இல்லையென்றால் உரை இன்னும் நீண்டிருக்கும்.

விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. புகை தாங்காமல் முன்வரிசை நெளியத் தொடங்க, பணிப்பாளர் வேறு வழியில்லாமல் முதற் பார்வைக்கு அழைத்தார். தம்பிஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே குனிந்தார். வயரை நான் இன்னும் நுணுக்குக்காட்டியில் கொழுவவில்லை. “சேர், பொறுங்கோ” என்று நான் சொல்ல வாயெடுக்க, அவர் கத்தினார்.

“தெரியுது! ஒளி தெரியுது! ஐஞ்சு!”

குத்துவிளக்கின் ஐந்து சுடரும் அவருடைய மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்திருக்கவேண்டும். “ஐந்து கிருமிகள்!” என்று பணிப்பாளர் சபைக்கு அறிவித்தார். ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். “ஐந்தும் மங்கலகரமாய் இருக்கு” என்று தம்பிஐயா சேர்த்துக்கொண்டார். உடனேயே ஒரு சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி, செபஸ்தியம்மாவை மேடைக்கு அழைத்துக் கொடுத்தார்கள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, உதிலை மலேரியா எண்டு கிடக்கோ?”

“அம்மா, ‘தெளிவான ஒளி காணப்பட்டது’ எண்டு கிடக்கு” என்றார் பணிப்பாளர்.

“என்ரை மனுசனுக்கு ஒளி வந்து என்னத்துக்கையா? காலமைதொட்டு அவர் என்னை ஆரெண்டு கேக்கிறார். தாயெண்டு நினைச்சு என்னோடை கதைக்கிறார்!” குரல் உடைந்தது. சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அறையில் அத்தனை பெரியவர்கள் இருக்க, என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் பாருமன்! உமக்குப் பாக்கத் தெரியுமெண்டு சொன்னனீரெல்லோ?”

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. கைந்நூலை வாசித்த மனிதன், அவ்வளவுதான். ஆனாலும் யன்னலடிக்குப் போய்க் குடைச் சீலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஆணி அடித்தவன் நான் என்பதால் இலகுவாகக் கழன்று வந்தது.

வெயில் உள்ளே விழுந்தது. கூடவே காற்றும் வந்தது. ஐந்து சுடரும் ஒன்றாக நூர்ந்தன. “ஐயோ!” என்று சபை முழுவதும் ஒரு குரலில் கத்தியது. பொம்மர் வந்தபோதுகூட இவர்கள் இப்படிக் கத்தவில்லை. ஏரம்பு எண்ணெய்ப் போத்தலோடு உறைந்து நின்றார். நான் நுணுக்குக்காட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி யன்னலடியில் வைத்து, கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பினேன். நீல வடியைச் செருகினேன். தகட்டில் விழாவுக்கென்று காலையிலேயே நான் சாயம் ஏற்றி வைத்திருந்தேன். கண்ணை வைத்தேன்.

முதலில் கறுப்பு. திருகைத் திருப்பத் திருப்ப, அந்தக் கறுப்புக்குள் இருந்து அவை வந்தன. பச்சைப் பொட்டு, பக்கத்தில் செம்மஞ்சள் வளையம். ஒன்று. இன்னொன்று. பார்த்த இடமெல்லாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கே ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான், நானோ சந்தோசத்தில் கண்ணை எடுக்காமல் நின்றேன். எவ்வளவு வடிவு, கடவுளே! என் முடிவுரையில் நான் எழுதியிருந்த நிறங்கள் எல்லாம் பிழை.

“மலேரியாதான் அக்கா! நிறையக் கிடக்கு! சேர், முத்திரையைத் தாங்கோ, எழுதிக் குடுப்பம்.”

பணிப்பாளர் முத்திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “எதாலை பாத்தனீர்?”

“வெயிலாலை.”

“சூரியன் எங்கடை உபகரணமோ? இருப்புக் கணக்கிலை கிடக்கோ? நாளைக்கு ஒரு பிழை வந்தால் ஆரைக் கேக்கிறது, சூரியனையோ? என்ரை முத்திரை உதுக்குக் கிடையாது.” பிறகுதான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது. “மங்கல விளக்கை நூத்துப்போட்டீர்! வெள்ளிக்கிழமை! உமக்கு விசாரணை வைப்பன். நிரந்தரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!”

தம்பிஐயா, தான் கண்ட ஐந்தும் செல்லுபடியாகுமா என்று பக்கத்தில் இருந்தவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

முத்திரை இல்லாத வெறும் ஆளாகச் சைக்கிளை எடுத்தேன். செபஸ்தியம்மா காரியரில் ஏறினார். எதிர்க்காற்று. உழக்க உழக்க யோசித்தேன், என்ன சொல்லி டொக்டரை நம்பவைப்பது என்று. முத்திரை இல்லை, கடிதத்தலைப்பு இல்லை, நான் தற்காலிகம், அதுவும் இனி இல்லை. வழி முழுக்க ஒரு விளக்கவுரை தயாரித்தேன். முன்னுரை, முறையியல், பெறுபேறு, எல்லாம் வைத்து.

மார்கிரட் டொக்டர் குருநகரில் கோயிலடி வீட்டு விறாந்தையில் இருந்தார். வயதான மனுசி, கண்ணைச் சுருக்கி என்னைத் தேடிப் பிடித்தார். நான் முன்னுரையைத் தொடங்கினேன். “அதாவது டொக்டர், எமது நிலையத்தின் ஒளிர்வு நுணுக்குக்காட்டியானது…”

“உம்மடை கண்ணாலை பாத்தனீரோ?”

“ஓம் டொக்டர்.”

“கிடக்கோ?”

“நிறையக் கிடக்கு. ஆனால் முத்திரை…”

“முத்திரையை நான் கரைச்சே பருக்கிறது?” அலுமாரியைத் திறந்து குளிசைகளை எண்ணாமல் ஒரு கடதாசியில் சுற்றி செபஸ்தியம்மாவின் கையில் வைத்தார். “ஓடு பிள்ளை. முதல்லை ஏதும் குடிக்கக் குடுத்திட்டு இதைக் குடு. பின்னேரம் நான் வந்து பாக்கிறன்.”

விளக்கவுரையின் முறையியல் பகுதி என் வாய்க்குள்ளேயே நின்றது.

வீட்டில் செபநாயகத்தின் தலையை மடியில் வைத்து, கஞ்சித் தண்ணீரோடு குளிசையைப் பருக்கினார் செபஸ்தியம்மா. பாதி கடைவாயால் வழிந்தது. மறுபடி கொடுத்தார். அது வயிற்றில் தங்கியது. நான் வாசற்படியில் இருந்தேன். எழும்பிப் போகவும் முடியவில்லை, இருக்கவும் கூச்சமாக இருந்தது. கனநேரத்துக்குப் பிறகு செபநாயகத்துக்கு வியர்க்கத் தொடங்கியது. செபஸ்தியம்மா சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றியைத் துடைத்துத் துடைத்து, ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மனுசன் கண்ணைத் திறந்து, “செபஸ்தி, மீன் வித்திட்டியோ?” என்று கேட்டார். செபஸ்தியம்மாவுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான். கடகம் நிலையத்துப் படலையில் கிடந்து நாறுவது இரண்டு பேருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததை அறிந்துகொள்ளும் குரலில்தான் கேட்டார்.

“தம்பி, கடைசியிலை வெயிலாலைதானே பாத்தனீர்?”

“ஓம் அக்கா.”

“அப்ப, இத்தினை நாளும் உங்கடை கட்டடத்துக்கு மேலை வெயில் அடிக்கேல்லையோ?”

நான் படியிலிருந்து எழும்பி, வெள்ளை அங்கியைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வெளியே வந்தேன். குருநகர் வீதியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.